பிடோக் கடலில் முதல் நீச்சல்



ஜொகூர் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். சிலர் தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறார்கள். சிலர் பிடோக், தெம்பனிஸ் போன்ற இடங்களில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஓய்வு நாளில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், ஓடுகிறார்கள். உடம்பைப் பேணும் பழக்கம் நல்ல பழக்கம்தான். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு நாள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, "அம்மா, டிரையத்லன் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கேன். முதல்ல கடல்ல நீந்தணும்" என்று சொன்னால், தோட்டத்து வீட்டில் இருக்கும் தாய்க்கு என்ன தோன்றும்? பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "கடலா? உனக்குப் பழக்கமில்லையே தம்பி" என்பார். "நம்ம ஆத்துல நீந்தினவன்தானேம்மா, கடல்ல நீந்த மாட்டேனா?" என்று மகன் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

டிரையத்லன் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டி. முத்திறப் போட்டி என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஒரு விளையாட்டுக் கழகத்தார் இதைத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக் அளவு என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் பாதி அளவோ அதற்கும் குறைவான அளவோ உண்டு.

பிடோக்கை ஒட்டி நீண்டு கிடக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடலுக்கு இந்தப் போட்டியில் தனி வரலாறு இருக்கிறது. 2010ஆம் ஆண்டு முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டிகள் சிங்கப்பூரில் நடந்தன. ஆகஸ்டு 15ஆம் நாள் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பெண்களுக்கான டிரையத்லன் நடந்தது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதில் வென்ற ஜப்பானியப் பெண் யுக்கா சாட்டோ பெற்றதுதான் இளையர் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் தங்கப் பதக்கம். 2015ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுகளின் டிரையத்லனும் இதே பூங்காவில்தான் நடந்தது. ஆகவே நம் பிள்ளைகள் அங்கே போய் நீந்த ஆசைப்படுவதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு வரை டிரையத்லன் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களையும் மருத்துவர்கள் தேடித் தொகுத்தார்கள். மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். சைக்கிளில் வேகமாகப் போய் விழுவதுதான் ஆபத்து என்று நாம் நினைப்போம். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. மூன்றில் மிகக் குறைந்த நேரம் எடுப்பது நீச்சல். அதிகம் பேரைக் கொண்டுபோவதும் அதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 135 பேரில் நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். சராசரி வயது 46க்கு மேல். வாலிபப் பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். நாற்பதைத் தாண்டி, திடீரென்று உடம்பைக் குறைக்கக் கிளம்பும் அப்பாவும் சித்தப்பாவும் இந்தக் கணக்கில் முன்வரிசையில் நிற்கிறார்கள். இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், நெஞ்சுவலி உள்ளவர்களும், குடும்பத்தில் யாராவது இள வயதில் மாரடைப்பால் இறந்திருந்தால் அவர்களும், முதலில் மருத்துவரிடம் போய்வர வேண்டும். போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆகும் வெள்ளியோடு ஒப்பிட்டால் மருத்துவருக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

இனி இடத்தைப் பார்ப்போம். பிடோக் என்ற பெயர், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்க அடிக்கும் பெரிய முரசின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். இன்று நாம் காணும் கடற்கரை இயற்கையாக அமைந்ததல்ல. 1960களின் நடுவில் தொடங்கி, கடலில் மண்ணைக் கொட்டி மேடாக்கி உருவாக்கிய நிலம் அது. கொட்டிய மண்ணை அலை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, கரை நெடுகிலும் பாறைகளை அடுக்கி அலைதடுப்புகள் கட்டினார்கள். இரண்டு தடுப்புகளுக்கு இடையே கரை வில்போல வளைந்து சிறு குடாக்களாக இருக்கிறது. கரையில் நிற்பவருக்கு அது குளம் போலத் தெரியும். இந்தோனேசியத் தீவுகள் எதிரே இருப்பதால் பெருங்கடலின் பேரலை அங்கே வருவதில்லை. பினாங்கு கடலையும் மெர்சிங் கடலையும் பார்த்தவர்கள், "இது ஒரு கடலா?" என்று கேட்பார்கள்.

ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது. அலை இல்லாத கடலில் ஓட்டம் இல்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். சிங்கப்பூர் நீரிணையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வளவு தண்ணீரும் கரைக்குப் பக்கவாட்டில் நகர்கிறது. குடாவுக்குள் இருக்கும்வரை தெரியாது. அலைதடுப்பின் முனையைத் தாண்டியவுடன் நீரோட்டம் ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிதாக நீந்துகிறவர் 50 மீட்டர் நீளமுள்ள குளத்தை ஒன்றரை நிமிடத்தில் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோசமில்லாத வேகம்தான். மணிக்கு 2 கிலோமீட்டர். இப்போது எதிரே வரும் நீரோட்டமும் மணிக்கு 2 கிலோமீட்டர் என்றால் என்ன ஆகும்? எவ்வளவு நேரம் கையையும் காலையும் அடித்தாலும் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். மணிக்கு 2 கிலோமீட்டர் என்பது ஒரு கிழவர் கைத்தடி ஊன்றி நடக்கும் வேகம். தண்ணீரில் அதற்கு அவ்வளவு பலம். ஆகையால் நீரோட்டத்தோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. அது போகும் போக்கிலேயே போய்க்கொண்டு, குறுக்காகக் கரையை நோக்கி மெல்ல மெல்லச் சாய்ந்து வர வேண்டும். இறங்கிய இடத்திலேயே ஏற வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கரையேறி, ஈரக் காலோடு நடந்து திரும்பலாம்.

பிடோக் படகுத்துறையைப் பற்றியும் ஒரு சொல். ஜெட்டி என்று நம்மவர்கள் சொல்லும் அந்த நீண்ட பாலம் தூண்டில்காரர்களின் இடம். இரவு பகல் எந்நேரமும் தூண்டில் கயிறு கடலுக்குள் இறங்கியிருக்கும். அதன் அருகே நீந்தக் கூடாது. தூண் ஓரத்தில் ஒதுங்கி இளைப்பாறலாம் என்று எண்ணவும் கூடாது. தூண்களிலும் அலைதடுப்புப் பாறைகளிலும் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்தி போலக் கிழிக்கும். பிடோக்கில் நீர்த்தேக்கமும் ஒன்று இருக்கிறது. மணல் தோண்டிய பெரும் பள்ளத்தைக் குடிநீர்த் தேக்கமாக்கி 1986இல் கட்டி முடித்தார்கள். கயாக் போன்ற நீர் விளையாட்டுகள் அங்கே நடந்தாலும், நினைத்தபோது இறங்கி நீந்தும் இடம் அதுவல்ல. பயிற்சிக்குப் பொது நீச்சல் குளம் இருக்கிறது, போட்டிக்குக் கடல் இருக்கிறது.

தோட்டத்து ஆற்றில் நீந்திய அனுபவம் எங்கே உதவும், எங்கே கைவிடும்? ஆற்றில் நாம் கண்ணுக்குத் தெரிந்த மறுகரையை நோக்கி நீந்துகிறோம். களைத்தால் வேரைப் பிடிக்கலாம், பாறையில் நிற்கலாம். பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறோம். கடலில் பிடிக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் கலங்கலாக இருக்கும். நீட்டிய கையின் விரல்கூடத் தெரியாது. நீச்சல் குளத்தில் அடியில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நேராகப் போகலாம். கடலில் அந்தக் கோடு கிடையாது. பத்துக் கை போட்டபின் ஒரு முறை, முதலை கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்ப்பது போல, நெற்றியை உயர்த்தி மிதவை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலை முழுவதையும் தூக்கினால் கால் கீழே போய்விடும். இதை முதலில் குளத்திலேயே பழக வேண்டும். மிதவை சிறிதாகத் தெரியும். அதற்குப் பின்னால் கரையில் உள்ள உயரமான கட்டடத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. உப்புநீர் நல்ல நீரைவிடச் சற்றுக் கனமானது. ஆற்றைவிடக் கடலில் உடம்பு எளிதாக மிதக்கும். பிறகு ஏன் மூழ்குகிறார்கள்?

இங்கேதான் மூச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போட்டி தொடங்கும்போது நூறு பேர், இருநூறு பேர் ஒன்றாகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். ஒருவர் கை மற்றவர் தோளில் விழும். முன்னால் போகிறவர் கால் முகத்தில் படும், நீச்சல் கண்ணாடி நழுவும். ஒரு வாய் உப்புநீர் உள்ளே போகும். நெஞ்சு படபடக்கும். உடனே மூச்சு குட்டையாகவும் வேகமாகவும் ஓடத் தொடங்கும். புதியவர் காற்றை இழுக்கிறார், இழுக்கிறார், ஆனால் வெளியே விடுவதில்லை. பழைய காற்று உள்ளே தேங்கி நிற்கும்போது புதுக் காற்றுக்கு இடம் ஏது? மூச்சுத் திணறுகிறது. திணறுவதால் பயம் கூடுகிறது. பயத்தால் தலையைத் தூக்கி, உடம்பை நட்டுக்குத்தலாக நிறுத்தி, கைகளால் தண்ணீரை அடிக்கிறார். நட்டுக்குத்தலாக நின்ற உடம்பு தாழும். இரண்டு மூன்று நிமிடத்தில் கையில் பலம் போய்விடும். நீச்சல் தெரிந்தவர் மூழ்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்கு மருந்து மல்லாந்து மிதப்பது. தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீருக்குள் இருக்க, வானத்தைப் பார்த்து, கைகளை விரித்துப் படுக்க வேண்டும். நுரையீரலில் காற்று இருக்கும்வரை மனித உடம்பு ஒரு காற்றடைத்த பை. அது தானே மிதக்கும். கால் சற்றுத் தாழ்ந்தாலும் பரவாயில்லை, மூக்கும் வாயும் மேலே இருந்தால் போதும். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ அப்படியே கிடந்து, மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். உள்ளே இழுப்பதை உடம்பு பார்த்துக்கொள்ளும். படபடப்பு அடங்கிய பிறகு எந்த நீச்சல் கைவருகிறதோ அந்த நீச்சலில் போகலாம். தவளை நீச்சல் நீந்தினால் கேவலம் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். போட்டி விதி அப்படிச் சொல்லவில்லை. டிரையத்லனில் எந்த முறையிலும் நீந்தலாம். களைத்தால் நின்று மிதக்கலாம். மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் விதி இடம் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறினால்தான் குற்றம்.

எங்கள் கருத்து இதுதான்: கையடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் பிள்ளைக்கு மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் ஆறுகளில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் முறையில் இது இல்லை. "காலை அடிடா, கையைப் போடுடா" என்பதோடு சரி. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு ஸ்விம்சேஃபர் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் வேகமாக நீந்துவது மட்டுமல்ல, மிதப்பதும் உயிரைக் காத்துக்கொள்வதும் பாடம். நமக்குத் திட்டம் இல்லாவிட்டாலும் இடுப்பளவுத் தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் நிற்கப் பெரியவர் இருக்கிறார். அது போதும்.

தம் பிடிக்கும் போட்டியையும் இந்த இடத்தில் சொல்லிவிடுவோம், ஏனென்றால் இது நம் பிள்ளைகளின் விளையாட்டு. வேகவேகமாகப் பல முறை மூச்சை இழுத்து விட்டு, பிறகு முங்கினால் கூடுதல் நேரம் அடியில் இருக்கலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது உடம்பில் சேரும் கரியமில வாயு, பிராணவாயு குறைவதல்ல. வேகமாக மூச்சு விட்டதால் கரியமில வாயு முன்னதாகவே வெளியே போய்விடுகிறது. தவிப்பு வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, தண்ணீருக்கடியில் சத்தமில்லாமல் மயக்கம் வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு, "ரொம்ப நேரம் தம் பிடிக்கிறானே" என்றுதான் தோன்றும். இந்த விளையாட்டு எந்தத் தண்ணீரிலும் வேண்டாம்.

இனி வெப்பம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தனை நம்மில் பெரியவர்கள் அறிவார்கள். ஆழிக்குமரன் என்று அழைத்தார்கள். 1971ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கும், அங்கிருந்து திரும்பவும் நீந்திக் கடந்தவர். 51 மணி நேரம் தண்ணீரில் இருந்தார். அப்பேர்ப்பட்டவர் 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். பாக்கு நீரிணை வெதுவெதுப்பான கடல், ஆங்கிலக் கால்வாய் குளிர்ந்த கடல். ஒரு கடலில் பழகிய உடம்பு இன்னொரு கடலுக்குப் புதியது என்பதை அந்தப் பெரிய வீரரின் மரணம் நமக்குக் காட்டுகிறது.

சிங்கப்பூர்க் கடலில் குளிர் இல்லை. அங்கே நேர்மாறான தொல்லை. கடல்நீர் ஆண்டு முழுவதும் 28 டிகிரியிலிருந்து 31 டிகிரி வரை இருக்கிறது. நீந்தும்போது உடம்பு சூடேறுகிறது. தண்ணீருக்குள் வியர்வை உலர்ந்து குளிர வழியில்லை. 2010ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஐக்கிய அரபு நாட்டின் ஃபுஜைரா கடலில் 10 கிலோமீட்டர் போட்டி நடந்தது. வெந்நீர் போன்ற கடல். அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன், வயது 26, உலகத் தரம் வாய்ந்த நீச்சல்காரர், கரைக்குத் திரும்பவில்லை. அவர் வரவில்லை என்பதை முதலில் கவனித்தவர்கள் உடன் நீந்திய வீரர்கள். பிறகுதான் தேடினார்கள். அதன் பின்னரே உலக நீச்சல் சம்மேளனம், 31 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் போட்டி நடத்தக் கூடாது என்று விதி வகுத்தது.

ஆகவே விடிகாலையில் நீந்துவது நல்லது. முதல் நாள் நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாளோ இரவு வேலை முடித்து வந்த கையோடோ கடலில் இறங்கக் கூடாது. நீந்தும்போது தலை கிறுகிறுத்தாலோ, மூச்சு இரைப்பு நின்று மிதந்த பிறகும் அடங்காமல் இருமல் வந்து, துப்பினால் இளஞ்சிவப்பு நுரை தெரிந்தாலோ, உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நோய் அது. தண்ணீர் குடித்துவிட்டோம் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

தண்ணீரின் தூய்மையையும் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மழைக்குப் பின் செய்ன் ஆறு அசுத்தமானதால் ஆண்கள் டிரையத்லனை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். 2025ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உலக நீச்சல் வெற்றியாளர் போட்டியின் கடல் நீச்சலும் அதே காரணத்தால் தள்ளிப்போனது. 2024 ஜூன் 14ஆம் நாள் பாசிர் பாஞ்சாங்கில் ஒரு கப்பல் இன்னொன்றில் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஈஸ்ட் கோஸ்ட் கரைவரை அது வந்து படிந்தது. கடலில் இறங்கக் கூடாது என்று அறிவித்தார்கள். உலக வீரர்களே காத்திருக்கும்போது நாம் காத்திருப்பதில் என்ன குறை?

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு சபாவில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அங்கே நடந்த ஒரு சாகசப் போட்டியில் பல நாட்டு வீரர்கள் செகாமா ஆற்றில் நீந்தினார்கள். ஊருக்குத் திரும்பிய பின் பலருக்குக் கடுங்காய்ச்சல். விசாரித்ததில் 189 பேரில் 80 பேருக்கு நோயின் அறிகுறி. எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் அது. மலாயில் கென்சிங் திக்குஸ் என்பார்கள். ஆற்று நீரை விழுங்கியவர்களுக்கே அதிகம் வந்தது. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை என்பது நமக்குத் தெரியும். மழை பெய்து ஆறு கலங்கியிருக்கும்போது, காலில் புண் இருக்கும்போது, இறங்க வேண்டாம். இறங்கிய சில நாட்களுக்குள், அல்லது மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், பனடோலோடு நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் போய், "ஆற்றில் குளித்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய உதவி.

இடியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இடி முழங்குகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்றும் மழையும் வரும். போட்டி நடக்கும் நேரமும் அதுவே. இடி கேட்டவுடன் வெளியேற வேண்டும், மரத்தடியில் நிற்கக் கூடாது. சொறிமீன் கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. கரையேறி, காடி கிடைத்தால் தாராளமாக ஊற்ற வேண்டும். மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

புதியவர் எப்படித் தயாராவது? 750 மீட்டர் போட்டி என்றால், குளத்தில் அதைப் போல் இரு மடங்கு தூரத்தைக் கரையைப் பிடிக்காமல் நிதானமாக நீந்த வர வேண்டும். பிறகுதான் கடல். முதல் சில முறை குடாவுக்குள்ளேயே, கரைக்கு இணையாக, நெஞ்சளவு ஆழத்தில் நீந்த வேண்டும். நேராக நடுக்கடலை நோக்கிப் போகக் கூடாது. ஒருபோதும் தனியாகப் போகக் கூடாது. நீந்துகிறவர் இருவர், கரையில் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் என்று மூவராவது வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குல்லாய் அணிய வேண்டும். கறுப்பும் நீலமும் தண்ணீரில் தெரியாது. இடுப்பில் கயிற்றால் கட்டி இழுத்துப் போகும் காற்றடைத்த மிதவைப் பை கடைகளில் கிடைக்கிறது. படகுக்காரர் கண்ணில் பட அது உதவும், களைத்தால் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் உதவும். புதுச் சட்டை வாங்கும் காசில் அதை வாங்கிக்கொள்ளலாம். போட்டி நாளின் மீட்புப் படகும் கயாக்குகளும் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அங்கே இருக்க மாட்டா என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

போட்டி நாளில் முன்வரிசையில் முண்டியடிக்காமல், பின்னால் ஓரமாக நின்று, மற்றவர்கள் போய் இருபது எண்ணும்வரை பொறுத்து இறங்குவது நல்லது. இழப்பது அரை நிமிடம். உதவி வேண்டுமானால் மல்லாந்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி அசைக்க வேண்டும். கயாக்கில் வருபவர் அதற்காகவே அங்கே இருக்கிறார். போட்டியிலிருந்து பாதியில் விலகினால், சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. காலில் கட்டிய அடையாளப் பட்டையை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பேருந்தில் உட்கார்ந்திருக்க, அவரைத் தேடி முக்குளிப்பவர்கள் கடலுக்குள் இறங்குவார்கள்.

கரையில் நிற்கும் உறவினருக்கும் வேலை உண்டு. மூழ்குகிறவர் கத்துவதில்லை. சினிமாவில் காட்டுவது போல "காப்பாத்துங்க" என்று கூச்சலிட அவருக்கு மூச்சு கிடையாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில், கண் எங்கோ வெறித்து, ஏணியில் ஏறுவது போல் கை அசையும். அவ்வளவுதான். அப்படிக் கண்டால் உடனே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன், தம்பி, மாமன் என்று வரிசையாகப் போன குடும்பங்கள் உண்டு. மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்தவரைக் கட்டிப் பிடித்து அமுக்கிவிடுவார். கரையில் படுத்துக்கொண்டு கம்பு, துண்டு, சேலை எதையாவது நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் மூடிய காலி எண்ணெய் டின், பந்து, மிதவை என்று மிதக்கும் பொருளை எறிய வேண்டும். செம்பனை மட்டைகூட நீட்ட உதவும்.

வெளியே எடுத்த பிறகு நம்மிடையே ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பார்கள். இரண்டும் தவறு. வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும். பொன்னான நேரமும் போகும். பிள்ளைக்கு வேண்டியது காற்று. மல்லாந்து படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா என்று பத்து விநாடிக்குள் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும்படி இரண்டு முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் கை வைத்து 30 முறை வேகமாகவும் ஆழமாகவும் அமுக்க வேண்டும். மறுபடி இரண்டு ஊதல், 30 அமுக்கல். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, மலேசியாவில் 999. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் அழைக்க வேண்டும். தோட்டத்துக்குள் வர வழி தெரியாது என்பதால், மூன்றாமவர் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்குப் போய் நிற்க வேண்டும். பிள்ளை கண் திறந்து பேசினாலும், "இனி ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அழைத்துப் போகாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கக்கூடும்.